தீம் பார்க் உள்ளேயே ரூம் போட்டோம், வரிசையிலேயே குடியிருந்தோம்

ஈரோட்டுக்காரர்:

பேர் சொல்ல விரும்பலைங்க. 2025 அக்டோபர், காலாண்டு லீவு, ஆயுத பூஜை, காந்தி ஜெயந்தி எல்லாம் ஒண்ணா வந்த வாரம். அந்த வாரத்துல கிளம்பினது என் தப்புதான், முதல்லயே ஒத்துக்கறேன்.

நான், வீட்டுக்காரம்மா, மாமியார், பத்து வயசுப் பையன், ஆறரை வயசுப் பாப்பா. வெளியே ஓட்டல்ல தங்கியிருந்தா பாதிச் செலவுதான். உள்ளேயே தங்கினா காலையில கூட்டம் வர்றதுக்குள்ள நாலு ரைடு ஏறிடலாம்னு கணக்குப் போட்டேன். ரூம் 7,400 ரூபா. செப்டம்பர் 22-ல இருந்து 7,500 வரைக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான்னு அதுல வேற ஒரு சந்தோஷம்.

செக்-இன் 2 மணின்னு போட்டிருந்துச்சு. சாவி கைக்கு வந்தப்ப மணி 4:40. அதுவரைக்கும் லாபியில பெட்டி மேல உட்கார்ந்திருந்தோம். ஃபேமிலி ரூம்னா ஒரு கட்டில், அப்புறம் தரையில ஒரு மெத்தை. மெத்தையைத் தூக்கிப் பார்த்தா பாயே தேவலாம்.

காலை டிபனுக்கு 8:30-க்குப் போனா வரிசை கதவைத் தாண்டி நீச்சல் குளம் வரைக்கும் நிக்குது. முக்கால் மணி நேரம் கழிச்சு உள்ளே போனா பொங்கல் பாத்திரத்துல அடி மட்டும்தான் இருக்கு. இட்லி வைக்கற தம்பி வந்து கொட்டறதுக்குள்ள இடுக்கியோட நாலு பேர் தயாரா நிக்கறாங்க. மாமியார் மெதுவா சொன்னாங்க: "பந்திக்கு நின்னிருந்தாக்கூட இந்நேரம் ரசத்துக்கு வந்திருப்போம் மாப்ளே."

நான் கோட்டை விட்டது இங்கதான். பார்க் திறக்கறதே 11 மணிக்கு. ரூமைக் காலி பண்ண வேண்டியதும் 11 மணிக்கு. புக் பண்றப்ப ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கணும்னு தோணவே இல்லை. உள்ளேயே தங்கினவன் பெட்டியை வெக்கற கவுன்டர்ல நின்னுட்டிருந்தப்ப, பஸ்ஸுல வந்து இறங்கினவங்க கேட்டுக்குள்ள ஓடிட்டிருந்தாங்க.

பெரிய ரைடு ஒண்ணுல பையனோட நின்னேன். சும்மா நிக்கறப்ப வேற என்ன வேலை, கணக்குப் போட்டேன். ஒரு தடவைக்கு 20 பேர். ஏத்தி, கம்பியைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, சுத்தி முடிச்சு, இறக்கிவிட அஞ்சு நிமிஷம். மணிக்கு 240 பேர். எங்களுக்கு முன்னாடி எப்படியும் 400 பேர், அப்படின்னா ஒண்ணே முக்கால் மணி நேரம். பக்கத்து வழியில கூடுதல் காசு கட்டின விரைவு டிக்கெட்காரங்களை விட்டுக்கிட்டே இருந்தாங்க, அதுல ரெண்டே கால் ஆச்சு. ரைடு ஓடினது ரெண்டு நிமிஷம் இருக்கும். பையன் இறங்கி "இன்னொரு தடவை"ன்னான். முறைச்சேன்.

பாப்பா விஷயம்தான் மனசுக்குக் கஷ்டம். அவ வரிசையில வீட்டுக்காரம்மா அம்பது நிமிஷம் நின்னாங்க. முனையில அளவுப் பலகை, 120 சென்டிமீட்டர். பாப்பா குதிகாலைத் தூக்கிப் பார்த்திருக்கா, அங்க அளக்கற தம்பி தோளை மெதுவா அழுத்தி 118-னு சொல்லிட்டாராம். அவரைக் குறை சொல்ல மாட்டேன், பாதுகாப்பு விஷயம், அவர் செஞ்சதுதான் சரி. வரிசை ஆரம்பத்துலயும் ஒரு பலகை இருந்துச்சாம். அதுல யாரோ ஈரத் துண்டைக் காயப் போட்டிருந்தாங்க. பாப்பா என்கிட்ட வந்து, "அப்பா, நம்ம வீட்டு நிலைக்கதவுல 120-னு தானே கோடு போட்டீங்க?" அந்தக் கோடு ஸ்கூல் ஷூவோட போட்டது.

அலைக் குளத்துக்குக் காட்டன் துணி ஆகாதாம். கடையில நைலான் உடுப்பு வாங்கித்தான் இறங்கணும். மாமியார் "சேலையை அவுத்துட்டு அதைப் போடணுமா"ன்னு கேட்டுட்டு நிழல்ல உட்கார்ந்துட்டாங்க. அலை வர்றதுக்கு முன்னாடி சைரன் ஊதினாங்க. எல்லாரும் கத்தினாங்க. தண்ணி அசையறதுக்கு இடமில்லை, மனுசங்கதான் அசைஞ்சாங்க.

மதுரைப் பொண்ணு:

எங்களுக்கு இது பொங்கல் லீவுல நடந்துச்சு அண்ணே, வேற ஊரு. சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லா ரூம்லயும் ஒரே நேரத்துல குளிக்க, எங்களுக்கு வெந்நீர் நூல் மாதிரி வந்துச்சு. மகனுக்குக் கண்ணு ரெண்டும் செவந்துபோச்சு. "குளோரின் நல்லா போட்டிருக்காங்க, வாசனை வருது பாருங்க"ன்னு வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார். நான் கெமிஸ்ட்ரி டீச்சர், என்கிட்டயே! குளத்துல மூக்கைத் துளைக்கற அந்த வாடை வெறும் குளோரின் வாடை இல்லை. வேர்வை, சிறுநீரோட குளோரின் சேர்ந்து உண்டாகற குளோரமைன். வாடை தூக்கலா இருந்தா ஆள் கூடிப்போச்சு, தண்ணியைக் கவனிக்கலைன்னு அர்த்தம். அதைச் சொன்னதுக்கப்புறம் அவரும் இறங்கல.

முன்னாள் ரிசப்ஷன்:

கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்னவன் சொல்றேன், திட்டாதீங்க. 60 ரூம் இருந்தா 60-ம் காலையில 11-க்குக் காலியாகும், மதியம் 2-க்கு நிறையணும். குடும்பம் தங்கின ரூம்னா ஈரத்துணி, சிப்ஸ் தூள், தரை மெத்தை, ஒண்ணைச் சரிபண்ண 40 நிமிஷம். ஆளோ எட்டு பேர். கணக்குப் போடற ஆளாச்சே நீங்க, போட்டுப் பாருங்க: அஞ்சு மணி நேரம். 4:40-க்குக் கிடைச்சதுக்கு நான் உங்களுக்கு வாழ்த்துதான் சொல்லணும். ரெண்டு மணின்னு எழுதறவங்களுக்கும் இது தெரியும்.

அப்புறம் பில்லை நல்லா பாருங்க. சாப்பாட்டுல சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம்னு தானா சேர்த்திருந்தா எடுக்கச் சொல்லலாம். 2022 ஜூலையிலயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அப்படிச் சேர்க்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு, 2025 மார்ச்ல டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி பண்ணிடுச்சு. மாட்டேன்னா 1915-க்கு, அதான் நுகர்வோர் உதவி எண், அதுக்குப் போன் போடறேன்னு சொல்லுங்க. எங்க மேனேஜர் அந்த நம்பரைக் கேட்டதும் பில்லைக் கிழிச்சு வேற போடுவார்.

ஈரோட்டுக்காரர்:

பில்லை எடுத்துப் பார்த்தேன். 312 ரூபா சேர்த்திருக்காங்க, கவனிக்காமக் கட்டிட்டு வந்திருக்கேன். வீட்டுக்காரம்மாகிட்ட இன்னும் சொல்லல.

டீச்சரம்மா, நீங்க சொன்னதை மாமியார்கிட்டப் படிச்சுக் காட்டினேன். "நான்தான் இறங்கலையே"ன்னு ஒரு சிரிப்பு.

பாப்பாவை நேத்து நிலைக்கதவுல நிறுத்தி, செருப்பில்லாம அளந்தேன். 119.