நர்சம்மா வாசலுக்கு வந்தார், ஊசி வரவில்லை

கொரோனா ஊரடங்கில் பிரசவத்துக்கு அலைந்ததை இங்கே பலர் எழுதியிருக்கிறீர்கள். என்னுடையது கருத்தடை ஊசி பற்றியது.

தருமபுரி மாவட்டத்தில், பஸ் ஓடினால்தான் ஆஸ்பத்திரி என்கிற கிராமம் எங்களுடையது. இரண்டு பிள்ளைகள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகப் போடும் அந்தரா ஊசிதான் எனக்கு. அடுத்த ஊசிக்குத் தேதி 2020 ஏப்ரல் 10. மார்ச் 25-லேயே பஸ் நின்றுவிட்டது. பனியன் கம்பெனியை மூடியதால் வீட்டுக்காரரும் திருப்பூரிலிருந்து வந்துவிட்டார்.

நர்சம்மா அந்த மாதம் மூன்று முறை எங்கள் வாசலுக்கு வந்தார். காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, வெளியூரிலிருந்து யார் வந்தார்கள் என்று கணக்கெடுக்க. கூட இரண்டு ஆண்கள், திண்ணையில் மாமனார். அவர்கள் முன்னால் ஊசியைப் பற்றி எப்படிக் கேட்பேன்? நான்கு வாரம் தள்ளிப்போனாலும் போட்டுக்கொள்ளலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தேதி போய்விட்டது, இனி அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன்.

அந்த ஊசி போட்டால் பலருக்கு மாதவிலக்கு ஒழுங்காக வராது. அதனால் நாள் தள்ளியது உறைக்கவே இல்லை. ஜூலைக் கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது 11 வாரம். மாத்திரையில் கலைக்கும் கட்டம் தாண்டிவிட்டது. 12 வாரத்துக்கு மேல் போனால் இரண்டு டாக்டர்கள் ஒப்புதல் தர வேண்டும் என்பது அப்போதைய சட்டம்.

தம்பி பைக்கில் கூட்டிப்போனான். முதலில் போன தனியார் மருத்துவமனையில் கொரோனா டெஸ்ட் கேட்டார்கள். 3,000 ரூபாய், இரண்டு நாள். முடிவோடு போனால், கணவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அவரோ ஜூனில் கம்பெனி திறந்ததும் திருப்பூர் போயிருந்தார். மாவட்டம் விட்டு மாவட்டம் வர அப்போது வாங்க வேண்டியிருந்த இ-பாஸ் அவருக்குக் கிடைக்கவில்லை.

18 வயது முடிந்த பெண்ணுக்கு அவள் கையெழுத்தே போதும். இதை எனக்குச் சொன்னது அப்புறம் போன அரசு மருத்துவமனையின் டாக்டரம்மா. தயவுசெய்து எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மா குத்தலாக ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மறுநாளே முடித்து, நான் கேட்டபடி கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி கருத்தடைச் சாதனத்தையும் போட்டுவிட்டார்.

2021 மே மாதம் மறுபடி பஸ் நின்றது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் அதே ஊசிதான். நானே போய் அவள் ஊசி அட்டையை வாங்கித் தேதி பார்த்தேன். ஒன்பது நாள் இருந்தது. அன்றைக்கே நர்சம்மாவுக்குப் போன் போட்டோம்.