ஊரில் இம்பிளான்ட் வைத்துக்கொண்டு வெளிநாடு திரும்பும் உறவுகளின் கவனத்திற்கு

புதிதாகக் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் குடிபெயர்ந்தவர்கள் முதல் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வரும்போது, நல்லூர்த் திருவிழாவோடும் கலியாண வீடுகளோடும் சேர்த்துப் பல் வேலையையும் முடித்துக்கொண்டு போக விரும்புவது இயல்பானது. கனடாவின் மத்திய அரசு நடத்தும் பல் பராமரிப்புத் திட்டம், தாடையெலும்பில் திருகு பதித்து அதன்மேல் செயற்கைப் பல் வைக்கும் இம்பிளான்டுக்குப் பணம் கொடுப்பதில்லை. பிரித்தானியாவின் பொது மருத்துவ சேவையும் விபத்து, வாய்ப்புற்றுநோய் போன்ற தனிப்பட்ட காரணங்கள் இருந்தால்தான் பெரும்பாலும் அதை ஏற்கிறது. யாழ்ப்பாணத்தில் பல் சிகிச்சை நிலையமொன்றில் பணியாற்றுபவள் என்ற முறையில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான்: சத்திரசிகிச்சை இங்கே ஒரு நாளில் முடிந்துவிடுகிறது, ஆனால் அது வெற்றியா தோல்வியா என்பதைத் தீர்மானிக்கும் மாதங்களை நீங்கள் அங்கேதான் கழிக்கப்போகிறீர்கள். ஆகவே அந்த மாதங்களுக்கான ஆயத்தத்தைப் பயணச்சீட்டு எடுக்கும்போதே தொடங்குங்கள்.

தாடையெலும்புக்குள் வைக்கப்படும் டைட்டானியத் திருகைச் சுற்றி எலும்பு வளர்ந்து அதை இறுகப் பிடித்துக்கொள்வதே இந்தச் சிகிச்சையின் அடிப்படை. சுவீடனைச் சேர்ந்த பேராசிரியர் பிரோனமார்க் 1950களில் முயல்களின் எலும்பில் இதைக் கவனித்து, 1965இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் பொருத்தினார். கீழ்த்தாடையில் இது இறுகுவதற்கு ஏறத்தாழ 3 மாதங்களும், எலும்பு மென்மையாக இருக்கும் மேல்தாடையில் 4 முதல் 6 மாதங்களும் எடுக்கும். வேலிக்கு நட்ட பூவரசங் கதியாலை வேர்விடும்வரை அசைக்கக்கூடாது என்பது போலவே, இந்தக் காலத்தில் திருகின்மீது பாரம் விழக்கூடாது. சிலருக்கு உடனேயே தற்காலிகப் பல் வைக்க முடியும் என்பது உண்மைதான். ஆனால் அது எல்லோருக்கும் பொருந்தாது. மூன்று வாரத்திற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால், உங்கள் எலும்பு அதற்கு ஏற்றது என்பதை எதை வைத்துச் சொல்கிறார் என்று தயங்காமல் கேளுங்கள். திருகை ஒரு விடுமுறையிலும், அதன்மேல் பொருத்தும் செயற்கைப் பல்லான மேற்பல்லை அடுத்த விடுமுறையிலும் வைத்துக்கொள்வதே பெரும்பாலானோருக்கு நிதானமான வழி. முதற்கட்டத்தை விடுமுறையின் தொடக்கத்திலேயே செய்துவிட்டால், 7 முதல் 10 நாட்களில் தையல் வெட்டி, காயத்தை இங்கேயே காட்டிவிட்டுப் புறப்படலாம். கடைசி வாரத்தில் செய்துகொண்டு, வீங்கிய கன்னத்தோடு பாரமான பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு இரவுப் பஸ் ஏறுவதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

முதல் 24 மணித்தியாலங்களில் காயத்தில் உறையும் இரத்தத்தைக் காப்பாற்றுவதே முக்கியமான வேலை. வாய் கொப்பளிப்பது, பலமாகத் துப்புவது, இளநீரைக் குழாய் வைத்து உறிஞ்சுவது ஆகியவை அந்த உறைவைக் கலைத்துவிடும். துணியில் சுற்றிய பனிக்கட்டியைக் கன்னத்தின் வெளிப்புறத்தில் இடைவெளி விட்டு வைத்து, தலையணையை உயர்த்திப் படுங்கள். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் கூடிப் பிறகு வடியும் என்பதால், அதைக் கண்டு பதற வேண்டியதில்லை. மறுநாளிலிருந்து இளஞ்சூடான உப்புநீரை வாயில் வைத்துத் தலையை மெல்லச் சாய்த்து ஊற்றிவிடலாம். குளோர்ஹெக்சிடின் வாய்கழுவி தரப்பட்டிருந்தால் சொன்ன நாட்களுக்கு மட்டும் பாவியுங்கள். அதைப் பாவிக்கும் காலத்தில் தேநீர் அதிகம் குடித்தால் பற்களில் கறை கூடும். பனடோல் 500 மில்லிகிராம் குளிசை, வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளில் 8க்கு மேல் போகக்கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தக்கூடாது. எலும்பின் அடர்த்தி குறையும் எலும்புத் தேய்வுக்கு மருந்து எடுப்பவர்கள் அதைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

உணவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் நெடுநாளுக்குப் பின் வந்த பிள்ளைக்கு ஒவ்வொரு உறவினர் வீட்டிலும் விருந்து காத்திருக்கும். கொதிக்கக் கொதிக்கப் பரிமாறப்படும் நண்டும் மீன்முள்ளும் கலந்த ஒடியற்கூழ் முதல் வாரத்தில் வேண்டவே வேண்டாம். பருத்தித்துறை வடை, முறுக்கு, புழுக்கொடியல் போன்ற கடினமானவற்றைத் திருகு இறுகும்வரை அந்தப் பக்கத்தால் கடிக்காதீர்கள். புட்டு மென்மையானதுதானே என்று பலர் நினைக்கிறார்கள்; ஆனால் அதன் துகள்கள் தையலுக்குள் போய்த் தங்கிவிடும். சொதியில் நன்றாக ஊறிய இடியப்பம், பருப்போடு மசித்த குழைசோறு, ஆறிய சவ்வரிசிக் கஞ்சி ஆகியவை போதும். பெரியம்மா மனவருத்தப்படுவார் என்று கடித்துவிடாதீர்கள், காரணத்தைச் சொன்னால் அவரே கஞ்சி காய்ச்சித் தருவார்.

நீங்கள் எடுத்துச் செல்ல வேண்டிய பதிவுகளைப் பற்றி இங்கு அநேகமாக யாரும் கேட்பதே இல்லை, அதுவே எனக்குப் பெரிய கவலை. இம்பிளான்ட் தயாரிக்கும் நிறுவனங்கள் பல. அவற்றின் உட்பகுதி அமைப்பும் மேற்பல்லைத் திருகோடு பூட்டும் திருகாணியும் பெரும்பாலும் வேறுபடும். எந்த நிறுவனம், எந்த வகை என்று தெரியாவிட்டால், ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ இருக்கும் மருத்துவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் பொருத்தமான கருவி இல்லாமல் ஒரு தளர்ந்த திருகாணியைக்கூட இறுக்க முடியாமல் நிற்பார். நிறுவனத்தின் பெயர், மாதிரி, விட்டம், நீளம், தொகுதி இலக்கம் ஆகியவை அச்சிடப்பட்ட ஒட்டுத்தாள் இம்பிளான்டின் பெட்டியிலேயே இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். சத்திரசிகிச்சைத் திகதி, எலும்பு போதாத இடத்தில் எலும்புத்தூள் வைத்திருந்தால் அதன் விபரம், எக்ஸ்ரேயின் கணினிப் பிரதி ஆகியவற்றோடு ஆங்கிலத்தில் எழுதிய ஒரு குறிப்பையும் பெற்று, கைபேசியிலும் மின்னஞ்சலிலும் வைத்திருங்கள். பின்னர் மேற்பல் வைக்கும்போது அது சீமெந்தால் ஒட்டப்பட்டதா, திருகாணியால் பூட்டப்பட்டதா என்பதையும் எழுதி வாங்க வேண்டும்.

மேல்தாடையின் பின்பகுதியில் மூக்கை அடுத்துள்ள காற்றறையான சைனஸின் தளத்தை உயர்த்திச் சிகிச்சை செய்தவர்கள் எப்போது விமானம் ஏறலாம் என்பதை மருத்துவரிடமே கேட்டுத் தீர்மானியுங்கள். மூக்கைப் பலமாகச் சீறக்கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மிவிடுங்கள்.

திரும்பிய பிறகு புகைத்தலும் கட்டுப்பாடில்லாத சர்க்கரையும்தான் மிகப் பெரிய எதிரிகள். புதிய நாட்டில் இரவு வேலையும் நேரந்தவறிய சாப்பாடுமாக இருக்கும்போது சர்க்கரை கூடுவதை நாம் கவனிப்பதில்லை, எனவே குடும்ப மருத்துவரிடம் பதிந்தவுடன் கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி இரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். விறைப்பு மருந்தின் வேலை முடிந்த பின்னும் உதடோ நாடியோ (மோவாய்) மரத்திருந்தால் அன்றைக்கே அறிவியுங்கள். நிற்காத இரத்தம், காய்ச்சல், சீழ், மூன்று நாட்களுக்குப் பின் கூடும் வீக்கம் அல்லது வலி, திருகு அசைவது போன்ற உணர்வு ஆகியவற்றுக்கும் ஊர் மருத்துவரின் பதிலுக்காகக் காத்திராமல் அங்குள்ள பல் மருத்துவரிடம் செல்லுங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மேற்பல் வைத்த பிறகு அது சொத்தையாகாது என்பதால் பலர் கவனத்தைக் கைவிடுகிறார்கள். ஆனால் அதைச் சுற்றியுள்ள முரசு (ஈறு) அழற்சியடைந்து, எலும்பு மெல்ல மெல்லக் கரையக்கூடும். பெரும்பாலும் நோவே இருக்காது, துலக்கும்போது வரும் சிறிது இரத்தமே முதல் அறிகுறியாக இருக்கும். மென்மையான தும்புள்ள பிரஷால் நாளுக்கு இரு தடவை துலக்குவதோடு, இடைவெளிகளைச் சுத்தம் செய்யும் சிறு பிரஷையும் தினமும் பாவியுங்கள். அதன் நடுக்கம்பி பிளாஸ்டிக் பூசியதாக இருக்கட்டும். நித்திரையில் பல் கடிப்பவர்கள் இரவுக் கவசம் செய்துகொள்ள வேண்டும். அங்கே ஒரு பல் மருத்துவரிடம் முன்கூட்டியே பதிந்து, ஊரிலிருந்து கொண்டுபோன குறிப்பை முதற் சந்திப்பிலேயே கொடுத்து, எத்தனை மாதத்திற்கு ஒருமுறை சுத்தம் செய்ய வர வேண்டும், எக்ஸ்ரே எப்போது எடுக்க வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.