புதுப்பிப்பு: ‘வராதே’ என்ற கொடியும் ‘வா’ என்ற கொடியும்

தண்டையார்பேட்டையில் மாலை வகுப்புக்கு வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தற்குறிப்பேற்ற அணியை, அதாவது இயல்பாக நடப்பதன்மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வதை, எப்படிப் புரியவைப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். இலக்கணத்தை ஒப்பிப்பார்கள், பாட்டில் கண்டுபிடிக்கத் திணறுவார்கள். இரண்டு பாட்டை அருகருகே வைக்கச் சொன்னவர்களுக்கு நன்றி, நன்றாகவே பலித்தது.

காசிமேட்டுப் படகுகளில் கொடி ஆடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். காற்றடித்தால் ஆடும், அவ்வளவுதான். ஆனால் சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடிகள் கோவலனையும் கண்ணகியையும் ‘வாரல்’ என்று கைகாட்டித் தடுக்கின்றன. கம்பனிலோ மிதிலைக் கொடிகள் இராமனை ‘ஒல்லை வா’ என்று அழைக்கின்றன.

“ரெண்டும் காத்துல ஆடுற கொடிதானே சார், ஏன் மாத்திச் சொல்றாங்க?” என்றான் ஒருவன்.

“அங்க கொலை, இங்க கல்யாணம்” என்றாள் பின்வரிசைப் பெண். அதற்கு மேல் நான் விளக்க ஒன்றுமில்லை.

அப்புறம் பாத்திரப் படைப்பு. பாண்டியனை வில்லன் என்றே எழுதிவந்தார்கள். ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று அவன் உயிர்விடும் இடத்தை வாய்விட்டுப் படிக்கவைத்தேன். தீர விசாரிக்காமல் கொல்லச் சொன்னவனும் அவன்தான், தன்னையே கள்வன் என்றவனும் அவன்தான். இளங்கோ எதையும் மறைக்கவில்லை. வளைந்த கோலை அவன் உயிரே நிமிர்த்தியது என்று பிற்பாடு சேரன் செங்குட்டுவனைச் சொல்லவும் வைக்கிறார். எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

அடுத்து மாதவி. அவளும் கோவலனும் கடற்கரையில் பாடிப் பிரியும் கானல்வரியிலிருந்து தொடங்கட்டுமா, பிறகு கோவலனுக்கு அவள் கோசிகன் என்ற அந்தணனிடம் கொடுத்தனுப்பும் கடிதத்திலிருந்தா? நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.