பஸ் ஃபால்ட் இல்லை, டிரைவ் மட்டும் ஓடவில்லை: ப்ரோஃபிபஸ் மேப்பிங் அனுபவங்கள்

எஸ்7-300 (சீமென்ஸ் பிஎல்சி, அதாவது இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணினி), ப்ரோஃபிபஸ் டிபி (அதை டிரைவோடு இணைக்கும் தொடர்பு லைன்), மைக்ரோமாஸ்டர் 4 டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி). பஸ் ஃபால்ட்டைக் காட்டும் பிஎஃப் விளக்கு அணைந்தே இருக்கும், மோட்டார் அசையாது. கேபிளைக் கழற்றும் முன் ஹார்டுவேர் கான்ஃபிகை (கருவிகளுக்கு முகவரி ஒதுக்கும் மென்பொருள் பக்கம்) திறங்க. பிபிஓ 1 (தரவு அமைப்பு வகை) போட்டிருந்தால் பிகேடபிள்யூ (பாராமீட்டர் படிக்க, எழுத) 8 பைட், பிஇசட்டி (கட்டளையும் வேகமும்) 4 பைட். முன்னது 256-இல் தொடங்கினால் கன்ட்ரோல் வேர்டு (டிரைவுக்கு ஸ்டார்ட், ஸ்டாப் சொல்லும் 2 பைட்) 264-இல்தான். 256-இல் எழுதினால் அது பாராமீட்டர் கேட்கும் இடத்துக்குப் போய்விடும்.

பிகேடபிள்யூ 8 பைட்டும் ஒன்றாகவே போய்ச் சேர வேண்டும். பிஎல்சியில் உள்ள ஃபங்ஷன்களான எஸ்எஃப்சி 14-இல் படித்து, 15-இல் எழுதுவதே பாதுகாப்பு. முகவரி ஹெக்ஸில்: 256 என்றால் 16#100. பலர் அப்படியே 16#256 என்று அடிக்கிறார்கள், அது 598. அங்கே மாட்யூல் இல்லையென்றால் ரெட்வேலில் (ஃபங்ஷன் திருப்பித் தரும் பிழை எண்) 8090 வரும். தரவு இருக்கும் இடத்தைச் சொல்லும் பாயிண்டரில் நீளம் பொருந்தாவிட்டால் 80பி1. ரெட்வேலை யாரும் பார்ப்பதில்லை, அதுதான் வருத்தம்.

———

மேலே சொன்னது சரி சார். இன்னொன்று, பிட் இடம். எஸ்7-இல் வேர்டின் உயர் பைட் முதலில் வரும். அதனால் ஸ்டார்ட் பிட் 0 இருப்பது 265.0-இல், 264.0 பிட் 8, அதாவது ஜாக் (மோட்டாரைக் கொஞ்சமாக அசைத்துப் பார்ப்பது). பிட் 10 (264.2) 1 ஆக இல்லாவிட்டால் டிரைவ் எந்தக் கட்டளையையும் ஏற்காது. கன்ட்ரோல் வேர்டில் முதலில் ஹெக்ஸ் 047இ (பிட் 0 = 0), பிறகு 047எஃப் (பிட் 0 = 1). நேராக 047எஃப் அனுப்பினால் 0-விலிருந்து 1-க்கு ஏறும் விளிம்பு கிடைக்காது, டிரைவ் கிளம்பாது. வேகம் 266-இல்: 16384 என்றால் 100%. 100% எவ்வளவு என்று சொல்லும் பாராமீட்டர் பி2000 50 ஹெர்ட்ஸ் என்றால், 25 ஹெர்ட்ஸுக்கு 8192.

———

நடுவில் மாட்பஸ் கேட்வே (மாட்பஸ் என்ற வேறு தொடர்பு முறையில் பேசும் கருவியை இணைக்கும் பெட்டி) இருந்தால் வேறு தொல்லை. 25 வர வேண்டிய இடத்தில் 6400 வந்தால் பைட் இடம் மாறியிருக்கிறது. ஃப்ளோட் (இரண்டு வேர்டில் வரும் தசம எண்) 50.0 என்பது ஹெக்ஸில் 4248 0000. இரண்டு வேர்டும் இடம் மாறினால் திரையில் 0 போலவே தெரியும், சென்சார் போய்விட்டதென்று தேடுவார்கள். வேர்டு வரிசையை மாட்பஸ் வரையறுக்கவில்லை, கருவிக்குக் கருவி மாறும். ரெஜிஸ்டர் (மாட்பஸில் தரவு இருக்கும் இடம்) 40001 என்று மேனுவலில் இருப்பது லைனில் 0 ஆகப் போகும்; ஒன்று தள்ளிப் படித்தால் பக்கத்து ரெஜிஸ்டர் வரும்.

சீரியல் பக்கம் அறுந்தால் சில கேட்வேக்கள் கடைசி மதிப்பையே பிடித்து வைத்திருக்கும். செட்டிங்கில் 'கிளியர்' போடுங்க. அது இல்லாத கேட்வேயில், கருவி பக்கம் ஏறிக்கொண்டே போகும் கவுண்டர் ஒன்றை மேப் செய்து, 2 வினாடி மாறாவிட்டால் பிஎல்சியில் அலாரம் கொடுங்க.