மறு: பவுண்டிங் பாக்ஸ் – எல்லைப் பெட்டியா, உறைக்கட்டமா?

வணக்கம்.

> எல்லைப் பெட்டி என்றே போட்டுவிடலாம். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது. போஸ்ட்ஜிஐஎஸ் (வரைபட வடிவங்களைச் சேமித்துத் தேட உதவும் தரவுத்தள நீட்சி) கட்டளைகளுக்குத் தமிழில் விளக்கம் எழுத உட்கார்ந்த முதல் நாளே இந்தச் சொல் என் காலை வாரிவிட்டது. ஒரு வடிவத்தின் விளிம்பைக் கேட்டு வாங்க எஸ்டி_பவுண்டரி, அந்த வடிவம் முழுவதும் அடங்கும் செவ்வகத்தை, அதாவது பவுண்டிங் பாக்ஸை, வாங்க எஸ்டி_என்வலப் என்று இரண்டு தனித்தனிக் கட்டளைகள் இருக்கின்றன. முதலாவது எல்லைதான், அதற்கு வேறு சொல் தேடுவது வீண் வேலை. இரண்டாவதிலும் எல்லையை நுழைத்தால் படிப்பவர் குழம்பாமல் என்ன செய்வார்?

இந்தியாவுக்கே இந்தப் பெட்டியைப் போட்டுப் பாருங்கள். நிக்கோபாரின் இந்திரா முனை ஏறக்குறைய வட அட்சம் 6.75 பாகையில் இருப்பதால் பெட்டி அதுவரை கீழே இறங்கும். நேபாளம், பூட்டான், வங்கதேசம் மூன்றும் முழுசாக உள்ளே வந்துவிடும். இலங்கையில் யாழ்ப்பாணமும் கொழும்பும் உள்ளே, காலி தப்பித்துக்கொள்ளும். இதை "இந்தியாவின் எல்லை" என்று எழுதிவைத்தால் வம்பு வீடு தேடி வரும் :-)

என் பரிந்துரை உறைக்கட்டம். என்வலப் என்பதற்கு நேராக உறை இருக்கிறதே என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ் (அதற்கு என்ன சொல் என்ற சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்வோம்) வடிவத்தின் ஆயிரம் புள்ளிகளையும் சேமிப்பதில்லை, ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு செவ்வகத்தை மட்டும் வைத்துக்கொள்கிறது. தேடும்போது முதலில் && குறி செவ்வகங்களை மட்டும் ஒப்பிட்டுப் பெரும்பாலானவற்றைக் கழித்துவிடும், மிஞ்சியவற்றில்தான் ஜியோஸ் என்ற நிரல் நூலகம் உண்மையான வடிவத்தை எடுத்து வெட்டுகிறதா தொடுகிறதா என்று கணக்குப் போடும். 2007-இல் வந்த போஸ்ட்ஜிஐஎஸ் 1.3 பதிப்புக்கு முன்னால் இந்த இரண்டு படியையும் நாமே கைப்பட எழுத வேண்டியிருந்தது, இப்போது எஸ்டி_இன்டர்செக்ட்ஸ் ஒன்றே போதும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், இடம் மிச்சம் பிடிக்க இன்டெக்ஸ் அந்தச் செவ்வகத்தின் எண்களைக் குறைந்த துல்லியத்தில் வைக்கிறது, ஆனால் எப்போதும் வெளிப்பக்கமாகவே முழுமையாக்குகிறது. அதாவது செவ்வகம் ஒரு மயிரிழை பெரிதாகலாம், சிறிதாகவே ஆகாது. தலையணை உறையும் அப்படித்தானே, கொஞ்சம் தொளதொளவென்று இருந்தால் பரவாயில்லை, சிறிதாக இருந்தால் ஆகாது. எல்லை என்ற சொல்லில் இந்தத் தளர்வு வராது.

> கான்வெக்ஸ் ஹல் குவியுறை ஆகிவிட்டதே, மோதாதா?

மோதாது, கட்டம் கூடவே இருக்கிறது. இரண்டுமே வடிவத்தை உள்ளே வைத்து மூடுபவைதான், குவியுறை ஒட்டித் தைத்தது, உறைக்கட்டம் நாலு மூலை வைத்தது. சாய்வாகத் திருப்பி வைக்கும் எஸ்டி_ஓரியன்டட்என்வலப்பும் சாய் உறைக்கட்டம் என்று இதிலேயே அடங்கிவிடும். உறைச்சட்டம் என்று ஒருவர் சொல்லியிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குச் சட்டமன்றம்தான் ஞாபகம் வருகிறது, மன்னிக்கவும்.

ஒரே இடத்தில்தான் இடிக்கிறது. முப்பரிமாணப் பெட்டியான பாக்ஸ்3டி-யைக் கட்டம் என்று சொல்ல முடியாது, கட்டம் தாளில் கிடப்பது. அங்கே மட்டும் உறைப்பெட்டி என்று வைக்கலாமா?