பூனை ஸ்மியரில் பிளேட்லெட் 38,000: மிஷினை நம்பலாமா?

கேள்வி: லேப்_சேலம்

வணக்கம். மனித ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியனாக இருந்தேன், இப்போது பிராணிகள் மருத்துவமனைக்கு மாறியிருக்கிறேன். கருத்தடை அறுவைக்கு வந்த ஒரு பெண் பூனைக்கு மிஷின் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணு) மிகக் குறைவாக, 38,000 என்று காட்டியது. பூனை நன்றாகச் சாப்பிடுகிறது, எங்கும் ரத்தக்கசிவு இல்லை. ஸ்மியருக்கு (கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பரப்பிய ரத்தம்) லீஷ்மன் சாயம் போட்டுப் பார்த்தால் ரெட் செல் எல்லாம் சிறியதாக, நடுவில் வெளுப்பே இல்லாமல் இருக்கின்றன. மனித ரத்தம் என்றால் ஸ்ஃபீரோசைட் (உருண்டையாகிவிட்ட ரெட் செல்) என்று எழுதிவிடலாம். சில வெள்ளணுக்களில் ஆரஞ்சு நிறம் நிரம்பியிருக்கிறது, ஆனால் உருண்டைத் துகள்களைக் காணோம். ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது?

பதில்: ஸ்மியர்_அக்கா

தம்பி, அந்த 38,000 டாக்டர் மேசைக்குப் போவதற்கு முன் ஸ்மியரின் வால் நுனியை, அதாவது ரத்தம் மெலிந்து முடியும் ஓரத்தைப் பாருங்கள். 10 எக்ஸ் லென்ஸ் போதும், ஓரம் முழுக்க ஓட்டுங்கள். பூனையின் பிளேட்லெட் பெரியது, சில நேரம் ரெட் செல் அளவுக்கே இருக்கும். பூனை திமிறி, ரத்தம் மெதுவாக இறங்கினால் குழாய்க்குள் போவதற்குள்ளேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அளவை வைத்து எண்ணும் மிஷின் பெரிய பிளேட்லெட்டை ரெட் செல்லாகவும், கொத்தைச் சில சமயம் வெள்ளணுவாகவும் எண்ணிவிடும். ஒரு தப்பு எண்ணால் நல்ல பூனைக்கு அறுவை தள்ளிப்போவதும் தேவையில்லாத மருந்து ஏறுவதும் எனக்குப் பொறுக்காது.

கொத்து இருந்தால் எண் தராதீர்கள். 'கொத்துகள் உள்ளன, மிஷின் எண்ணிக்கை நம்பத்தக்கதல்ல' என்று எழுதுங்கள். கொத்து இல்லையென்றால், செல்கள் ஒரே அடுக்காகப் பரவிய இடத்தில் ஆயில் இம்மர்ஷன் லென்ஸில் (எண்ணெய் வைத்துப் பார்க்கும் 100 எக்ஸ்) 10 ஃபீல்டில் தெரியும் பிளேட்லெட்டை எண்ணுங்கள். சராசரியை 15,000-ஆல் பெருக்கினால் ஒரு மைக்ரோலிட்டருக்கு உத்தேசமாக வரும்.

ரெட் செல் பற்றிக் கவலை வேண்டாம். பூனைக்கு 6 மைக்ரானுக்குள்தான், நடு வெளுப்பும் தெரிவதில்லை. நாய்க்கு 7 மைக்ரான், வெளுப்பு பளிச்சென்று இருக்கும். அதனால் ஸ்ஃபீரோசைட் என்று நாயில் சொல்லலாம், பூனையில் சொல்லத் துணிய வேண்டாம்.

ஆரஞ்சு செல் ஈசினோஃபில் என்ற வெள்ளணுதான். பூனைக்கு அதன் துகள் குச்சி வடிவம், சீரகத்தை அடைத்து வைத்ததுபோல் நெருக்கமாக இருக்கும். நாய்க்கு உருண்டை, ஒன்று பெரிது ஒன்று சிறிது. கிரேஹவுண்டில் துகள் சாயம் ஏறாமல் வெற்றுக் குழிகளாகத் தெரியலாம், நியூட்ரோஃபில் (இன்னொரு வகை வெள்ளணு) என்று எண்ணிவிடாதீர்கள்.

லேப்_சேலம்

நன்றி அக்கா. வால் நுனியில் கொத்துக் கொத்தாக இருக்கின்றன, டாக்டரையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டேன். இன்னொன்று: உண்ணி நிறைய இருந்த ஒரு நாயின் ரெட் செல்லில் ஊதாப் புள்ளிகள் தெரிகின்றன. உண்ணி பரப்பும் பபீசியா ஒட்டுண்ணியா, மேலே உட்கார்ந்த பிளேட்லெட்டா?

பதில்: கால்நடை_மதுரை

ஃபைன் ஃபோகஸை மெல்லத் திருப்புங்கள். பிளேட்லெட் என்றால் செல்லுக்கு மேல்மட்டத்தில் தெளியும், சுற்றிலும் வெளிர் வளையம் இருக்கும். சாயத் துகள் மினுங்கும். பபீசியா செல்லோடு சேர்ந்தே தெளியும்: மெல்லிய நீல விளிம்பு, ஒரு பக்கம் அடர்ந்த ஊதாப் புள்ளி. சிறிய மோதிர வடிவம் என்றால் கிப்சோனி என்ற பபீசியா இனம். 1910-இல் மெட்ராஸ் ஹன்ட் என்ற வேட்டைக் குழுவின் நாய்களின் ரத்தத்தில் பார்த்துத்தான் பேட்டன் என்ற ஆய்வாளர் இதை முதலில் விவரித்தார், நம் ஊருக்குப் பழைய ஆள். பேரிக்காய் வடிவில் பெரிதாக, ஜோடியாக இருந்தால் வோகெலி என்ற இனம்.

எது என்று கண்டிப்பாக எழுதுங்கள். வோகெலிக்கு இமிடோகார்ப் மருந்து நன்றாகக் கேட்கும், கிப்சோனிக்கு அது மட்டும் போதாது.

ஸ்மியர்_அக்கா

காது நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்து இன்னொரு ஸ்மியர் போடுங்கள் தம்பி. நரம்பு ரத்தத்தைவிட அதில் பபீசியா கிடைக்க வாய்ப்பு அதிகம். அதே ஸ்லைடில் மோனோசைட் என்ற வெள்ளணுவுக்குள் எர்லிக்கியா பாக்டீரியாவின் மொருலா (கொத்து) இருக்கிறதா என்றும் பாருங்கள், ஒரே நாயில் இரண்டும் இருப்பதுண்டு. இரண்டும் கண்ணில் படவில்லை என்றாலும் 'இல்லை' என்று முடிவு கட்டாமல், பிசிஆர் சோதனைக்கு (கிருமியின் மரபணுவைத் தேடுவது) அனுப்பலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.