பழைய ஸ்பிளெண்டருக்குக் கார் ஹாரன்: ரிலே கட்டாயமா?

உசிலம்பட்டி பால்காரர்:
அண்ணன்மாரே, விடியற்காலையில் பால் கேனைக் கட்டிக்கொண்டு செக்கானூரணி வழியாக மதுரைக்குப் போகிறவன் நான். முன்னால் வைக்கோல் லாரி போனால் என் ஹாரன் டிரைவருக்குக் கேட்பதே இல்லை. காரில் வருகிற நத்தை மாதிரி ஹாரன் ஒரு ஜோடி வாங்கிப் பழைய வயரிலேயே சொருகிவிடலாமா? கடைக்காரர் ரிலே வேண்டும் என்கிறார். பில்லை ஏற்றுகிறாரோ என்று சந்தேகம்.

சிம்மக்கல் எலக்ட்ரீஷியன்:
அவர் சொல்வது சரிதான் தம்பி. ஜோடி ஹாரன் எட்டு, பத்து ஆம்பியர் இழுக்கும். உங்கள் ஸ்விட்சும் வயரும் அதைத் தாங்காது. ஸ்விட்ச் கருகும், சத்தமும் பாதிதான் வரும்.

நாலு கால் ரிலே வாங்குங்கள். ஹாரன் பட்டனின் சின்னக் கரண்ட்டில் இயங்கி, பேட்டரியின் பெரிய கரண்ட்டை நேராக ஹாரனுக்கு விடும் ஸ்விட்ச் அது. காலுக்குக் கால் எண் போட்டிருக்கும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து தடித்த வயர் நேராக 30-க்கு. பேட்டரியை ஒட்டியே 15 ஆம்பியர் ஃபியூஸ். 87-லிருந்து ஹாரனுக்கு. ஹாரனின் அடுத்த முனை எர்த், அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு. பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். பழைய ஹாரனில் இருந்த இரண்டு வயரும் 85, 86-க்கு. சாதா ரிலேயில் எது எதில் என்ற கணக்கு இல்லை. ஃபியூஸ் இல்லாமல் கட்டித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். வயர் உரசினால் தீப்பிடிக்கும், பெட்ரோல் டேங்க் மேலேயே இருக்கிறது.

ஹாரன் வாய் கீழே பார்க்கட்டும், மழைத்தண்ணீர் தேங்காது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பாருங்கள், இடிக்கக் கூடாது.

காசு செலவழிக்கும் முன் இதைச் செய்யுங்கள். ஹாரனை அழுத்திக்கொண்டே அதன் இரண்டு முனையிலும் வோல்ட் மீட்டர் வையுங்கள். பேட்டரியில் 12 இருந்து இங்கே 10-க்குக் கீழே காட்டினால் கோளாறு ஹாரனில் இல்லை. ஸ்விட்சைக் கழற்றி உப்புத்தாளால் தேயுங்கள். ஹாரன் முதுகில் இருக்கும் ஸ்க்ரூவை லேசாகத் திருகினாலே சில சமயம் குரல் திரும்பிவிடும்.

மேலூர்க்காரன்:
எதை மாட்டினாலும் ராகம் ராகமாக அடிப்பதை மட்டும் வாங்காதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதி 119 அதற்கு இடம் தரவில்லை. ஹாரன் தடைப் பலகை உள்ள இடத்தில் அடித்தாலோ, தேவையில்லாமல் அடித்தாலோ மோட்டார் வாகனச் சட்டம் 194-எஃப் பிரிவில் அபராதம் முதல் தடவை 1000 ரூபாய், அப்புறம் 2000. கோரிப்பாளையத்தில் பெரியாஸ்பத்திரி பக்கம் போகும்போது கையை அடக்குங்கள்.

உசிலம்பட்டி பால்காரர்:
மீட்டர் 9 காட்டுகிறது அண்ணே! முதலில் ஸ்விட்சைத் தேய்க்கிறேன். அப்புறமும் பத்தவில்லை என்றால் ஒற்றை ஹாரன் போதுமா? பேட்டரி சின்னது.

சிம்மக்கல் எலக்ட்ரீஷியன்:
தாராளமாகப் போதும். ஆனால் ஒற்றைக்கும் ரிலே, ஃபியூஸ் உண்டு.